ஷேடு வித்தியாசம்

கன்சர்ன்ட் என்றால் கவலை.
வொரீட் என்றாலும் கவலை.
ஆங்ஷியஸ், அதுவும் கவலைதான் என்றது செல்போன்.
மூன்றையும் ஒரே வாரத்தில் அனுப்பியிருந்தாள் இங்கெர்
டென்மார்க்கிலிருந்து,
எட்டாயிரத்து நானூறு பிள்ளை பனியன்களுக்காக,
பாசிப்பச்சை.

பத்து வருசம் செக்கிங்கில் நின்றவள் நான்,
திருப்பூர் டியூப்லைட்டுகளுக்குக் கீழே.
ஒரே பச்சையில் ஏழு பச்சை தெரியும் எனக்கு.
மெயில் எழுதும் நாற்காலிக்கு மாற்றிய பிறகும்
கண்ணு மாறவில்லை.
கவலைகளையும் அப்படியே தூக்கிப் பிடித்துப் பார்த்தேன்.
கன்சர்ன்ட் வெளிறிய லாட்டு, கோட்டு போட்டிருக்கும்.
வொரீட் வீட்டு உடுப்பில் இருக்கும்.
ஆங்ஷியஸ்
ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து
கண்டெய்னர் எங்கே என்று கேட்கும்.

கழித்துப் போட்ட ஷேடு கார்டுகளின் முதுகில்
ஒவ்வொன்றாய் எழுதி வைத்தேன்.
அப்செட், அனாய்ட், ஃப்ரஸ்ட்ரேட்டட்.
பேக்கிங் ருக்குமணி எட்டிப் பார்த்தாள்.
மூணுக்கும் கடுப்புன்னு எழுதுங்கக்கா,
சோலி முடிஞ்சுது.

டிலைட்டட் வந்தது ஒரே ஒருமுறை,
பீஸுக்கு நாலு சென்ட் குறைத்த அன்று.

ப்ளூ என்றால் சோகமாம்.
என் தம்பி சாயப்பட்டறையிலிருந்து
பத்து விரலும் நீலமாய் வருவான்,
சிரித்துக்கொண்டே சோறு கேட்பான்.

காலர் மெஷினில் ஒடிசாப் பையன் பிரதீப்.
ஏப்பா, முகம் ஒரு மாதிரி இருக்குது என்றேன்.
மனோ கராப் அக்கா என்றான்.
கராப் என்றால் டேமேஜ்.
தனியே மூட்டை கட்டி மூலையில் வைக்கிற சரக்கு.
அதையும் ஒரு கார்டில் எழுதினேன்,
பயரிடம் சொல்ல முடியாது என்றாலும்.

டிஸ்ஸப்பாயிண்ட்டடுக்கு ஏமாற்றம் என்று போட்டிருந்தது.
ஏமாற்றம் பேப்பரில் வரும்.
எங்களுக்குப் பொக்குனு போகும்.
கடலைக்காயை உடைத்தால் உள்ளே பருப்பு இருக்காதே,
அந்தப் பொக்கு.
பச்சை சரியில்லை, வி ஆர் டிஸ்ஸப்பாயிண்ட்டட்
என்று அவள் எழுதிய அன்று
எனக்கும்தாங்க பொக்குனு போச்சு
என்று சொல்ல ஒரு கார்டும் கிடைக்கவில்லை.
ஸாரி என்று எழுதினேன்.

கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை
மூன்றே வரி.
ஹாய் சாம், என் பிரதர் ஞாயிறன்று இறந்துவிட்டான்.
ஐ ஆம் நம்ப்.
ஷிப்மெண்ட் விசயம் லார்ஸிடம் பேசவும்.

சம்பூர்ணம் என்ற பேரை அவள் சாம் ஆக்கி நாலு வருசம்.
பிரதர் என்றால் அண்ணனா தம்பியா
அந்தப் பாசையில் தெரியாது.
நம்ப், அதை நம்பு என்றுதான் முதலில் படித்தேன்.
எதை நம்ப?
மரத்துப்போதல் என்றது செல்போன்.
காலை மடக்கி உட்கார்ந்தால் கால் மரக்கும்,
உதறினால் சரியாகும்.
இதை எப்படி உதறுவாள்?

பதிலுக்கு என்னிடம் இருந்தது ஸாரி.
அனுப்பிய பெட்டியில் தேடிப் பார்த்தேன்:
நூற்றி அறுபத்திரண்டு.
ஸ்டிக்கர் மாறியதற்கு, கரண்ட் போனதற்கு,
லேபிளில் ஒரு எழுத்து விட்டதற்கு.
துவைத்துத் துவைத்து நைந்த துணி அது.
அதையா போர்த்துவது?

வேறு இல்லை.
இன்றைக்குச் சொல்லும் ஸாரி சரக்குக்கு அல்ல
என்று எழுதினேன் இங்கிலீஷில்.
கிராமர் சரியா, தெரியாது.
ஒரு ங்க வைக்கத்தான் இடம் தேடினேன்,
எந்தச் சொல்லின் வாலிலும் ஒட்டவில்லை.

கீழே பெஸ்ட் ரிகார்ட்ஸ் தானாக வந்து நின்றது.
அழித்தேன்.
எழவு வீட்டில்
போயிட்டு வரேன்னு சொல்லக்கூடாது.

சாயங்காலம் லார்ஸ் எழுதினான்.
கார்ட்டன் அளவு அரை இஞ்சு கூடுதல்.
வி ஆர் கன்சர்ன்ட்.